மின்னழுத்தமும் மின்னோட்டமும் கொண்டு மின்தடையையும் மின்திறனையும் கணித்தல்

ஒரு மின்கருவியைப் பற்றி அறிய வேண்டியவற்றுள் பெரும்பகுதி இரண்டு அளவீடுகளுக்குள் அடங்கிவிடுகிறது. கருவியின் இரு முனைகளுக்கிடையே நிலவும் மின்னழுத்தம் ஒன்று. அதன் வழியே ஓடும் மின்னோட்டம் மற்றொன்று. முன்னதைப் பின்னதால் வகுத்தால் கருவியின் மின்தடை கிடைக்கிறது. இரண்டையும் பெருக்கினால் அது உட்கொள்ளும் மின்திறன் கிடைக்கிறது. கணக்கு இவ்வளவு எளிது என்பதாலேயே பலர் அதைக் கவனமின்றிச் செய்கின்றனர். நடைமுறையில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை வகுத்தலிலோ பெருக்கலிலோ நேர்வதில்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில், கருவி எந்த நிலையில் இருக்கும்போது அந்த இரு எண்களும் எடுக்கப்பட்டன என்பதைக் கருதாமல் விடுவதில்தான் நேர்கின்றன. ஆகவே இந்த அத்தியாயம் சூத்திரங்களுக்குக் கொடுக்கும் இடத்தைவிட, அவற்றில் இடப்படும் எண்களை முறையாகப் பெறுவதற்கும் கிடைத்த விடையைச் சரிபார்ப்பதற்கும் அதிக இடம் கொடுக்கிறது.

1. நான்கு அளவுகளும் அவற்றின் அலகுகளும்

மின்னூட்டம் ஒரு கடத்தியின் வழியே பாயும் வீதமே மின்னோட்டம். ஒரு நொடியில் ஒரு கூலூம் மின்னூட்டம், அதாவது ஏறத்தாழ 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்களின் மின்னூட்டம், கடத்தியின் குறுக்குவெட்டைக் கடந்து சென்றால் அங்கு 1 ஆம்பியர் மின்னோட்டம் ஓடுவதாகக் கொள்ளப்படும். ஒரு கூலூம் மின்னூட்டத்தை ஒரு புள்ளியிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்துவதில் செலவாகும் ஆற்றல் அவ்விரு புள்ளிகளுக்கிடையேயான மின்னழுத்த வேறுபாடு ஆகும். இவ்வாற்றல் 1 ஜூல் எனில் வேறுபாடு 1 வோல்ட். மின்னழுத்தம் எப்போதும் இரு புள்ளிகளுக்கிடையே அளக்கப்படுவது, மின்னோட்டம் ஒரு பாதையின் ஊடே அளக்கப்படுவது என்னும் இந்த வேறுபாடு, அளவிடும் கருவிகளை இணைக்கும் முறையையே தீர்மானிப்பதால் முதலிலேயே மனத்தில் பதியவேண்டியது.

மின்தடை என்பது மின்னோட்டத்துக்குக் கடத்தி காட்டும் எதிர்ப்பின் அளவு. 1 வோல்ட் மின்னழுத்தம் 1 ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தினால் மின்தடை 1 ஓம். மின்திறன் என்பது ஆற்றல் செலவாகும் வீதம்; நொடிக்கு 1 ஜூல் செலவானால் அது 1 வாட். வீட்டு மின்கட்டணத்தில் இடம்பெறும் யூனிட் மின்திறனின் அலகு அன்று, ஆற்றலின் அலகு. 1000 வாட் திறன் ஒரு மணி நேரம் செலவானால் 1 யூனிட், அதாவது 36 லட்சம் ஜூல் ஆகும்.

2. ஓம் விதியும் ஜூல் விதியும்

ஜெர்மானிய இயற்பியலாளர் கேயோர்க் சைமன் ஓம், கொலோன் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்தபோது, வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, அருகில் தொங்கவிடப்பட்ட காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்பதைக் கொண்டு அதை அளந்தார். அக்கால மின்கலங்களின் மின்னழுத்தம் அளந்துகொண்டிருக்கும்போதே தளர்ந்ததால் அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. எனவே அவர் செம்பும் பிஸ்மத்தும் இணைந்த வெப்ப மின்னிரட்டையை மூலமாகக் கொண்டு, அதன் ஒரு சந்தியைக் கொதிநீரின் வெப்பநிலையிலும் மறுசந்தியைப் பனிக்கட்டியின் வெப்பநிலையிலும் நிறுத்தி, மாறாத மின்னழுத்தத்தைப் பெற்றார். அந்த ஆய்வின் முடிவுகளை விரித்துரைக்கும் அவரது நூல் 1827இல் வெளிவந்தது. வெப்பநிலை மாறாத உலோகக் கடத்தியில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே ஓம் விதி. மூலம் நிலையாக இல்லாவிட்டால் அளவீட்டுக்குப் பொருளில்லை என்பதும் அந்த ஆய்விலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம்.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை
மின்னோட்டம் = மின்னழுத்தம் ÷ மின்தடை

இங்கிலாந்தின் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1840-41 ஆண்டுகளில், மின்னோட்டம் பாயும் கம்பியை நீரில் அமிழ்த்தி நீரின் வெப்பநிலை உயர்வை அளந்து, குறிப்பிட்ட நேரத்தில் உண்டாகும் வெப்பம் மின்தடைக்கும் மின்னோட்டத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் இருப்பதைக் காட்டினார். ஓம் விதியோடு இது இணையும்போது மின்திறனுக்கு மூன்று வடிவங்கள் கிடைக்கின்றன.

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்
மின்திறன் = மின்னோட்டம்² × மின்தடை
மின்திறன் = மின்னழுத்தம்² ÷ மின்தடை

இரண்டாம் வடிவத்தில் மின்தடை கூடினால் திறன் கூடுவதாகவும், மூன்றாம் வடிவத்தில் மின்தடை கூடினால் திறன் குறைவதாகவும் தோன்றும். முரண்போல் தெரியும் இது, எது மாறாமல் நிற்கிறது என்று கேட்டால் தீர்ந்துவிடும். வீட்டு இணைப்பில் ஒரு கருவிக்கு வரும் மின்னழுத்தம் ஏறக்குறைய நிலையானது. ஆகையால் குறைந்த மின்தடையுள்ள ஹீட்டரே அதிகத் திறனுடையது. தொடரிணைப்பில் எல்லா உறுப்புகளின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் செல்கிறது. ஆகையால் அங்கு அதிக மின்தடையுள்ள உறுப்பே அதிகமாகச் சூடேறும். எந்த வடிவத்தைப் பயன்படுத்துவது என்ற ஐயம் எழும்போதெல்லாம் இந்தக் கேள்வியே வழிகாட்டும்.

3. இரு எண்களையும் அளக்கும் முறை

வோல்ட்மீட்டர் கருவிக்குப் பக்க இணைப்பிலும் அம்மீட்டர் தொடரிணைப்பிலும் இணைக்கப்பட வேண்டும். டிஜிட்டல் மல்டிமீட்டரின் வோல்ட் அளவையில் உள்மின்தடை பொதுவாக 10 மெகாஓம், அதாவது ஒரு கோடி ஓம், ஆதலால் அது சுற்றிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுக்கிறது. ஆம்பியர் அளவையில் உள்மின்தடை ஓர் ஓமின் சிறு பின்னமே. இதனால், மின்னோட்டத்தை அளந்து முடித்தபின் சிவப்பு முனையை ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு, மின்னழுத்தத்தை அளப்பதாக எண்ணிப் பிளக் துளைகளில் முனைகளை வைப்பவர் பேஸையும் நியூட்ரலையும் நேராகவே இணைத்துவிடுகிறார். 230 வோல்ட்டை 0.1 ஓமால் வகுத்தால் 2300 ஆம்பியர் என்று வரும். வெளிக்கம்பிகளின் மின்தடை அதைக் குறைத்தாலும், மீட்டருக்குள் வெடிப்பும் கையில் தீக்காயமும் ஏற்பட அது போதும். ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன் முனை எந்தத் துளையில் இருக்கிறது என்று பார்ப்பது கட்டாயம்.

வீட்டு மின்சுற்றில் மின்னோட்டத்தை அளக்கக் கிளாம்ப் மீட்டரே உகந்தது. கம்பியைத் துண்டிக்காமல், அதைச் சுற்றி எழும் காந்தப்புலத்தைக் கொண்டு அது மின்னோட்டத்தைக் காட்டுகிறது. ஆனால் அதன் தாடைக்குள் ஒரேயொரு கம்பி மட்டுமே இருக்கவேண்டும். பேஸும் நியூட்ரலும் சேர்ந்து ஓடும் முழு ஒயரையும் கவ்வினால், ஒன்றில் செல்லும் மின்னோட்டமும் மற்றதில் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று ஈடுசெய்து மீட்டர் சுழியைக் காட்டும். அப்போதும் அது ஓர் எண்ணைக் காட்டினால், அந்த அளவு மின்னோட்டம் வேறு வழியாகக் கசிகிறது என்று பொருள். மின்னோட்டம் மிகச் சிறியதாயின், ஒற்றைக் கம்பியைத் தாடைக்குள் பத்துமுறை சுற்றி, காட்டும் அளவைப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

இரு அளவீடுகளும் ஒரே நேரத்தில், கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கப்பட வேண்டும். கருவியை நிறுத்தியபின் பிளக் துளையில் அளந்த மின்னழுத்தம், கருவி ஓடும்போது அதன் முனைகளுக்கு வந்த மின்னழுத்தத்தைவிடப் பொதுவாகச் சற்று அதிகமாகவே இருக்கும். மின்னோட்டம் பாயும் கம்பிகளைத் திறந்து அளக்கும் வேலை, உரிமம் பெற்ற மின்பணியாளருக்கு உரியது. வீட்டில் இருப்பவர் கம்பி எதையும் தொடாமலேயே திறனைக் கணிக்கும் வழி ஐந்தாம் பிரிவில் விளக்கப்படுகிறது.

வோல்ட்மீட்டரையும் அம்மீட்டரையும் ஒருங்கே இணைக்கும்போது இரண்டில் ஒன்று மற்றதன் அளவீட்டில் சிறு பிழையைப் புகுத்துகிறது. அளக்கப்படும் மின்தடை 0.5 ஓம், அம்மீட்டரின் உள்மின்தடை 0.1 ஓம் எனக் கொள்வோம். வோல்ட்மீட்டர் இரண்டையும் சேர்த்து அளக்குமாறு இணைக்கப்பட்டால் விடை 0.6 ஓம் என்று வரும்; பிழை 20 விழுக்காடு. ஆகவே குறைந்த மின்தடையை அளக்கும்போது வோல்ட்மீட்டரை அந்த உறுப்பின் இரு முனைகளிலேயே நேராக வைக்கவேண்டும். மாறாக, அளக்கப்படுவது 1 மெகாஓம் எனில், பக்கத்தில் நிற்கும் 10 மெகாஓம் வோல்ட்மீட்டரும் மின்னோட்டத்தில் பங்கு கொள்வதால் விடை 0.909 மெகாஓமாகக் குறைந்துவிடும். இந்நிலையில் வோல்ட்மீட்டரை அம்மீட்டருக்கு வெளியே, இரண்டையும் தழுவுமாறு இணைப்பதே சரி.

மீட்டரின் துல்லியமும் விடைக்குள் வந்து சேர்கிறது. மின்னழுத்த அளவீட்டில் 1 விழுக்காடும் மின்னோட்ட அளவீட்டில் 2 விழுக்காடும் பிழை இருக்கக்கூடுமாயின், வகுத்துப் பெறும் மின்தடையிலும் பெருக்கிப் பெறும் திறனிலும் 3 விழுக்காடு வரை பிழை இருக்கலாம். எனவே 230 ÷ 6.5 என்னும் வகுத்தலுக்குக் கால்குலேட்டர் காட்டும் 35.384615 என்ற விடையை 35.4 ஓம் என்று எழுதுவதே நேர்மையான குறிப்பு.

4. விரிவான எடுத்துக்காட்டு: நீர் கொதிக்கவைக்கும் மின்கெட்டில்

அடிப்பகுதியில் 230 வோல்ட், 1500 வாட் என்று பொறிக்கப்பட்ட கெட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட் கிடைக்கும்போது அது 1500 வாட் திறனை உட்கொள்ளும் என்பதே அந்தப் பொறிப்பின் பொருள்.

மின்னோட்டம் = 1500 ÷ 230 = 6.52 ஆம்பியர்
மின்தடை = 230 ÷ 6.52 = 35.3 ஓம்

இந்த இரண்டு எண்களிலிருந்து உடனடியான முடிவுகள் சில கிடைக்கின்றன. வீடுகளில் உள்ள சிறிய பிளக் துளை 6 ஆம்பியருக்கு உரியது. ஆகவே இக்கெட்டிலை 16 ஆம்பியர் துளையில்தான் செருகவேண்டும், அடாப்டர் கொண்டு சிறிய துளையில் செருகுவது தகாது. மேலும், கெட்டில் பழுதானதாக ஐயம் எழுந்தால், பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, கெட்டிலின் ஸ்விட்சை இயக்கி, பிளக்கின் பேஸ், நியூட்ரல் பின்களுக்கிடையே ஓம் அளவையில் அளக்கலாம். 35 ஓமை ஒட்டி வந்தால் காயில் நலம். மீட்டர் எண் எதுவும் காட்டாமல் திறந்த சுற்றைக் காட்டினால் காயிலோ, வெப்பக் கட்டுப்பாட்டு ஸ்விட்சோ, ஒயரோ எங்கோ அறுபட்டிருக்கிறது. ஓரிரு ஓம் மட்டுமே வந்தால் குறுக்குச் சுற்று ஏற்பட்டிருக்கிறது. கெட்டிலின் காயில் பெரும்பாலும் நிக்ரோம் என்னும் நிக்கல்-குரோமியக் கலப்பு உலோகத்தால் ஆனது. சூடேறினாலும் அதன் மின்தடை சில விழுக்காடே மாறுவதால், குளிர்ந்த நிலையில் அளந்த எண்ணை நம்பலாம்.

ஒரு லிட்டர் நீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2,93,000 ஜூல் தேவை. வெப்பம் வெளியே வீணாகாது எனக் கொண்டால், 1500 வாட் கெட்டிலுக்கு இதற்கு 195 நொடி, அதாவது மூன்றேகால் நிமிடம் ஆகும். செலவாகும் மின்னாற்றல் 0.08 யூனிட். நடைமுறையில் பாத்திரத்துக்கும் காற்றுக்கும் போகும் வெப்பத்தால் இது சற்றுக் கூடும்.

இனி மின்னழுத்தம் 200 வோல்ட்டாகக் குறைந்துவிட்ட ஒரு மாலைநேரத்தைக் கருதலாம். கெட்டிலின் மின்தடை மாறவில்லை. மாறியது மின்னழுத்தம் மட்டுமே.

மின்னோட்டம் = 200 ÷ 35.3 = 5.67 ஆம்பியர்
மின்திறன் = 200 × 5.67 = 1134 வாட்

மின்னழுத்தம் 13 விழுக்காடு குறைந்தபோது திறன் 24 விழுக்காடு குறைந்துவிட்டது. அதே நீர் கொதிக்க 258 நொடி, ஏறத்தாழ நான்கேகால் நிமிடம், ஆகிறது. திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பின்தொடர்வதே இதற்குக் காரணம். பொறிக்கப்பட்ட 1500 என்ற எண்ணைக் கொண்டே எல்லா நேரத்துக்கும் கணக்கிடுபவர், கெட்டில் பழுதாகிவிட்டதென்று தவறாக முடிவுகட்டக்கூடும். செலவாகும் மொத்த ஆற்றல் மட்டும் இரு நிலைகளிலும் ஏறக்குறைய ஒன்றே.

5. மின்மீட்டரின் துடிப்பைக் கொண்டு சரிபார்த்தல்

வீட்டின் மின்னணு மீட்டரில் சிவப்பு விளக்கொன்று விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மின்னும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்பது பரவலாகக் காணப்படும் எண். 36 லட்சம் ஜூலை 3200ஆல் வகுத்தால் ஒரு துடிப்புக்கு 1125 ஜூல் ஆகிறது. வீட்டின் மற்ற கருவிகளையெல்லாம் நிறுத்திவிட்டுக் கெட்டிலை மட்டும் இயக்கி, ஒரு நிமிடத்தில் எழும் துடிப்புகளை எண்ணினால் போதும்.

துடிப்புகள் 80 எனில், செலவான ஆற்றல் 80 × 1125 = 90,000 ஜூல்; அதை 60 நொடியால் வகுத்தால் 1500 வாட். அதே நிமிடத்தில் மின்னழுத்தத்தை மீட்டரின் திரையிலோ ஸ்டெபிலைசரின் திரையிலோ பார்த்துக் குறித்துக்கொண்டால், திறனை மின்னழுத்தத்தால் வகுத்து மின்னோட்டத்தையும், மின்னழுத்தத்தின் இருமடியைத் திறனால் வகுத்து மின்தடையையும் பெறலாம். நான்கு அளவுகளில் எவை இரண்டு தெரிந்தாலும் மற்ற இரண்டையும் கணித்துவிடலாம் என்பதற்கு இதைவிடப் பாதுகாப்பான செயல்விளக்கம் இல்லை.

6. கம்பியிலும் இணைப்பிலும் இழக்கப்படும் திறன்

இதுவரையிலான கணக்குகள் கருவியின் முனைகளுக்கு முழு 230 வோல்ட்டும் வந்து சேர்வதாகக் கொண்டன. உண்மையில் கருவியும் அதற்குச் செல்லும் கம்பியும் தொடரிணைப்பில் உள்ளன. கம்பிக்கும் மின்தடை உண்டு. 20 டிகிரி செல்சியஸில், ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட செம்புக் கம்பியின் மின்தடை 0.0172 ஓம். இதை நீளத்தால் பெருக்கிக் குறுக்குவெட்டால் வகுத்தால் எந்தச் செம்புக் கம்பியின் மின்தடையும் கிடைக்கும்.

மீட்டர் பெட்டியிலிருந்து 20 மீட்டர் தொலைவில் உள்ள குளியலறையில் 2000 வாட் கெய்சர் ஒன்று 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இணைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். மின்னோட்டம் போகவும் திரும்பவும் வேண்டியிருப்பதால் கம்பியின் நீளம் 40 மீட்டர்.

கம்பியின் மின்தடை = 0.0172 × 40 ÷ 1.5 = 0.46 ஓம்
கெய்சரின் மின்தடை = 230² ÷ 2000 = 26.45 ஓம்
மின்னோட்டம் = 230 ÷ (26.45 + 0.46) = 8.55 ஆம்பியர்
கம்பியில் வீழும் மின்னழுத்தம் = 8.55 × 0.46 = 3.9 வோல்ட்
கம்பியில் வீணாகும் திறன் = 8.55² × 0.46 = 34 வாட்

கம்பியை 2.5 சதுர மில்லிமீட்டராக மாற்றினால் அதன் மின்தடை 0.275 ஓமாகவும், வீணாகும் திறன் ஏறத்தாழ 20 வாட்டாகவும் குறைகிறது. 34 வாட் 40 மீட்டர் நீளத்துக்குப் பரவிக் கிடப்பதால் கம்பி தொட்டால் சுடாது. ஆனால் அதே அளவு திறன் ஒரே இடத்தில் குவிந்தால் நிலைமை வேறு.

அப்படிக் குவியும் இடம் தளர்ந்த இணைப்பு. பழகித் தேய்ந்த பிளக் துளையிலோ, சரியாக முடுக்கப்படாத திருகின் கீழோ 0.1 ஓம் கூடுதல் மின்தடை தோன்றுவது அரிதன்று. 3000 வாட் கெய்சரின் 13 ஆம்பியர் அதன் வழியே செல்லும்போது அங்கு எழும் வெப்பம் 13² × 0.1 = 16.9 வாட். ஈயப்பற்று வைக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட் திறனில்தான் ஈயத்தை உருக்குகிறது; அதில் மூன்றில் இரண்டு பங்கு திறன், விரல்நகத்தின் அளவேயான பித்தளைத் தகட்டில், பிளாஸ்டிக் உறைக்குள், ஒவ்வொரு நாளும் வெளியாகிறது. பிளக்கின் பின் கருத்துப்போவதும், துளையைச் சுற்றி மஞ்சள் நிறம் படர்வதும், கருகிய மணம் வருவதும் இதன் அறிகுறிகள். வெப்பத்தால் தகட்டின் பிடி மேலும் தளர்ந்து மின்தடை மேலும் கூடுவதால் இது தானாகச் சரியாவதில்லை. எம்.சி.பி. எனப்படும் மிகைமின்னோட்டத் துண்டிப்பான் இதைத் தடுக்காது என்பதையும் கருதவேண்டும். கூடுதல் மின்தடை மின்னோட்டத்தைச் சற்றே குறைக்கிறதேயன்றிக் கூட்டுவதில்லை, எம்.சி.பி.யோ மின்னோட்டம் மிகுந்தால் மட்டுமே துண்டிக்கும்.

7. வகுத்தல் விடை எப்போது பொருந்தாது

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் எப்போதும் ஓர் எண் கிடைக்கும். அது அந்தக் கருவியின் நிலையான இயல்பா என்பது வேறு கேள்வி. 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் மின்தடை 230² ÷ 60 = 882 ஓம். அணைந்து குளிர்ந்தபின் ஓம் அளவையில் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வரும்; ஏனெனில் எரியும்போது 2000 டிகிரிக்கும் மேல் சூடேறும் டங்ஸ்டன் இழையின் மின்தடை வெப்பத்தோடு பெருகுகிறது. ஸ்விட்சைப் போட்ட கணத்தில் இயல்பைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட மின்னோட்டம் பாய்வதாலேயே இத்தகைய பல்புகள் பெரும்பாலும் போடும் நேரத்தில் பீஸ் போகின்றன. எல்.இ.டி. போன்ற குறைகடத்திகளில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதே இல்லை. சிறிதளவு மின்னழுத்தம் கூடினாலே மின்னோட்டம் பன்மடங்காகிறது. அவற்றுக்கு ஒரு மின்தடையத்தைத் தொடராக இணைத்து, அம்மின்தடையத்துக்கே ஓம் விதியைப் பயன்படுத்தவேண்டும்.

இரண்டாவது வரம்பு மாறுதிசை மின்னோட்டத்தில் எழுகிறது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் என்பது பயனுறு மதிப்பு; அதாவது, ஒரு ஹீட்டரில் அதே வெப்பத்தை உண்டாக்கவல்ல நேர்த்திசை மின்னழுத்தத்தின் அளவு. அதன் உச்சம் 325 வோல்ட் வரை செல்கிறது. ஹீட்டர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒருசேர ஏறி இறங்குவதால் பயனுறு மதிப்புகளைப் பெருக்கினால் திறன் சரியாக வரும். மின்விசிறி, மிக்ஸி, மோட்டார் ஆகியவற்றில் சுருளின் காந்தப்புலத்தால் மின்னோட்டம் பின்தங்குகிறது. அங்கு பெருக்கற்பலன் வோல்ட்-ஆம்பியர் எனப்படும் தோற்றத் திறனையே தரும். உண்மைத் திறனைப் பெற அதைத் திறன் காரணி என்னும், ஒன்றுக்கு மேற்படாத எண்ணால் பெருக்கவேண்டும்.

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் × திறன் காரணி

ஒரு மின்விசிறி 230 வோல்ட்டில் 0.38 ஆம்பியர் எடுத்தால் பெருக்கற்பலன் 87.4. வாட்மீட்டர் 75 வாட் காட்டினால் திறன் காரணி 75 ÷ 87.4 = 0.86. வீட்டு மீட்டர் பதிவது 75 வாட்டை. கம்பியும் இன்வெர்ட்டரும் தாங்கவேண்டியது 87.4 வோல்ட்-ஆம்பியரை. இத்தகைய கருவிகளில் 230ஐ 0.38ஆல் வகுத்து வரும் 605 என்ற எண் சுருளின் மின்தடை ஆகாது. மின்தடையும் காந்தப்புலத்தின் எதிர்ப்பும் இணைந்த மின்மறுப்பு அது. ஐந்தாம் பிரிவில் கூறிய துடிப்பு முறை உண்மைத் திறனையே தருவதால் மின்விசிறிக்கும் பொருந்தும். ஆனால் அதிலிருந்து மின்னோட்டத்தையும் மின்தடையையும் கணிக்கும் இரண்டாம் படி ஹீட்டர் வகைக் கருவிகளுக்கு மட்டுமே உரியது.

8. உயிர்காக்கும் கணக்கு: எர்த்தின் மின்தடை

இதே வகுத்தல், மின்பாதுகாப்பில் மிக முக்கியமான ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்துகிறது. கெய்சரின் காப்பு பழுதாகிப் பேஸ் கம்பி உலோக உடலைத் தொட்டுவிட்டால், எர்த் கம்பி வழியே பெரும் மின்னோட்டம் ஓடி எம்.சி.பி. துண்டித்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். வீட்டுத் தோட்டத்தில் புதைக்கப்பட்ட எர்த் குழாயின் மின்தடை 10 ஓம் எனக் கொண்டு, மற்ற மின்தடைகளைப் புறக்கணித்தால், ஓடும் மின்னோட்டம் 230 ÷ 10 = 23 ஆம்பியர் மட்டுமே. 32 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு அசையாது, 16 ஆம்பியர் எம்.சி.பி.கூட உடனே துண்டிக்காமல் நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் முழுவதும் கெய்சரின் உடலில் ஆபத்தான மின்னழுத்தம் நிற்கும்.

மனித உடலின் மின்தடையைப் பாதுகாப்புக் கணக்குகளில் ஏறத்தாழ 1000 ஓம் என்று கொள்வது வழக்கம். ஈரக்கையும் வெறுங்காலும் அதை மேலும் குறைக்கக்கூடும். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர். இதில் சிறு பகுதியே, சில நொடிகள் நெஞ்சின் வழியே சென்றால், இதயத்தின் துடிப்பொழுங்கைக் குலைத்து உயிரைப் பறிக்கப் போதுமானது. ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவுத் துண்டிப்பான், பேஸில் போகும் மின்னோட்டத்துக்கும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்துக்கும் இடையே 30 மில்லிஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர், வேறுபாடு தோன்றினாலே நொடியின் சிறு பகுதியில் சுற்றைத் துண்டிக்கிறது. உலோக உடலின் மின்னழுத்தம் 50 வோல்ட்டைத் தாண்டக்கூடாது எனக் கொண்டால், 50 ÷ 0.03 = 1667 ஓம் வரை எர்த்தின் மின்தடை இருந்தாலும் அது செயல்பட்டுவிடும். எர்த் இல்லாமல் ஆர்.சி.சி.பி.யை மட்டும் பொருத்தலாம் என்பது இதன் பொருளன்று. எர்த் இருந்தால்தான் ஒருவர் தொடுவதற்கு முன்பே கசிவு வெளிப்பட்டுச் சுற்று துண்டிக்கப்படும். இரண்டும் சேர்ந்தே பாதுகாப்பு. வீடு கட்டுபவர் எந்தச் செலவைக் குறைத்தாலும் இந்தச் செலவைக் குறைக்கக்கூடாது.

9. பயிற்சிக் கணக்குகளும் விடைகளும்

(1) 230 வோல்ட், 750 வாட் இஸ்திரிப் பெட்டியின் மின்னோட்டத்தையும் மின்தடையையும் காண்க.
விடை: 750 ÷ 230 = 3.26 ஆம்பியர்; 230² ÷ 750 = 70.5 ஓம். 6 ஆம்பியர் பிளக் துளையே இதற்குப் போதும்.

(2) இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று சுமையின்றி 12.6 வோல்ட்டும், 50 ஆம்பியர் சுமையில் 11.8 வோல்ட்டும் காட்டுகிறது. அதன் உள்மின்தடை எவ்வளவு? உள்ளேயே வீணாகும் திறன் எவ்வளவு?
விடை: மின்னழுத்த வீழ்ச்சி 0.8 வோல்ட், 0.8 ÷ 50 = 0.016 ஓம்; 0.8 × 50 = 40 வாட். பேட்டரி மூப்படையும்போது இவ்வெண் கூடுவதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே சுமையில் அளந்து குறித்துவைப்பது பயன்தரும்.

(3) 12 வோல்ட் மூலத்திலிருந்து ஒரு சிவப்பு எல்.இ.டி.யை 20 மில்லிஆம்பியருக்கு மிகாமல் எரியவிட வேண்டும். எல்.இ.டி.யில் 2 வோல்ட் வீழ்கிறது எனில், தொடராக எத்தகைய மின்தடையம் தேவை?
விடை: மின்தடையத்தில் வீழ்வது 10 வோல்ட், 10 ÷ 0.02 = 500 ஓம். கடையில் கிடைக்கும் அடுத்த பெரிய மதிப்பு 560 ஓம். மின்னோட்டம் 10 ÷ 560 = 0.0179 ஆம்பியர், மின்தடையத்தில் எழும் வெப்பம் 10 × 0.0179 = 0.18 வாட். கால் வாட் மின்தடையம் தாங்குமெனினும், சூடு குறைய அரை வாட் மின்தடையமே நன்று.

(4) ஒரு யூனிட்டுக்கு 1600 துடிப்புள்ள மீட்டரில், ஒரு ஹீட்டர் மட்டும் ஓடும்போது நிமிடத்துக்கு 32 துடிப்புகள் எழுகின்றன. மின்னழுத்தம் 220 வோல்ட். திறன், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றைக் காண்க.
விடை: ஒரு துடிப்புக்கு 2250 ஜூல்; 32 × 2250 ÷ 60 = 1200 வாட்; 1200 ÷ 220 = 5.45 ஆம்பியர், 220 ÷ 5.45 = 40.4 ஓம். இதே ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 1310 வாட் எடுக்கும்.

(5) 230 வோல்ட்டுக்கு உரிய 1000 வாட் ஹீட்டர் காயில்கள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 230 வோல்ட்டில் இயக்கப்படுகின்றன. மொத்தத் திறன் 2000 வாட்டா?
விடை: இல்லை. ஒவ்வொரு காயிலின் மின்தடையும் 52.9 ஓம், தொடரிணைப்பில் மொத்தம் 105.8 ஓம். மின்னோட்டம் 230 ÷ 105.8 = 2.17 ஆம்பியர், மொத்தத் திறன் 230 × 2.17 = 500 வாட். ஒவ்வொரு காயிலுக்கும் கிடைப்பது 115 வோல்ட்டும் 250 வாட்டும் மட்டுமே. பக்க இணைப்பில்தான் மொத்தம் 2000 வாட் ஆகும். 1000 என்ற பொறிப்பு காயிலின் மாறா இயல்பைக் கூறவில்லை, 230 வோல்ட் கிடைக்கும் நிலையில் அதன் நடத்தையைக் கூறுகிறது. காயிலோடு மாறாமல் நிற்பது 52.9 ஓம் என்னும் மின்தடையே. ஆகையால் எந்தப் புதிய இணைப்பையும் கணிக்கத் தொடங்கும்போது பொறிப்பிலிருந்து முதலில் மின்தடையைக் கண்டறிந்து, அங்கிருந்தே மற்ற எண்களை நோக்கிச் செல்லவேண்டும்.